ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்க 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இதை எழுதும்போது இரவு பதினொன்றரை மணி. நான் கொடுத்த 14,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அரசுக் கணக்குக்குப் போகவில்லை என்பது இன்று மாலைதான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று நானும் இருந்துவிடுவேன்.

என்னுடைய கார் 2010 ஜூனில் பதிவானது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும், அதன் பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல, மறந்துவிட்டேன். இன்சூரன்ஸ் இருந்தது, புகைச் சான்று இருந்தது, ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்ற அக்டோபரில் மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்டியதும் போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓரங்கட்டச் சொல்லி, கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆர்.சி. முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே சார்" என்றார். அந்த இடத்திலேயே கைப்பேசிக்கு இ-சலான், அதாவது அபராதச் சீட்டு, வந்துவிட்டது. அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, தவறு என்னுடையது.

வருத்தமெல்லாம் அடுத்த நாள் நான் போய் நின்ற கடையைப் பற்றியது. தென் சென்னையில் ஓர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஓட்டுநர் பயிற்சி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் ஒரே பலகையில் எழுதியிருக்கும் கடைகளில் ஒன்று. அங்கிருந்தவர் வண்டி எண்ணைக் கேட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் கார், பதிவான தேதி, முடிந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. அந்த விவரங்கள் யார் தட்டினாலும் வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. புதுப்பிக்கும் கட்டணம் 5,000, பசுமை வரி, தாமதக் கட்டணம், சலான் தொகை, "உள்ளே பார்த்துக்க" ஒரு தொகை என்று சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கூட்டி 14,500 என்றார். அப்போதும் நான் தயங்கினேன். உடனே அவர் ஒரு பையனை அனுப்பினார். அந்தப் பையன் பானெட்டைத் திறந்து, துணியால் அழுக்கைத் துடைத்து, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. நான் விழுந்த இடம் அதுதான். விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு இந்தப் பென்சில் பிரிண்ட் உண்மையாகவே தேவை என்பதால், வேலை தெரிந்த ஆட்கள் என்று நம்பி அங்கேயே ஜிபேயில் 14,500 ரூபாயையும் அனுப்பினேன். "வண்டியைக் கொண்டு வரவே வேணாம் சார், கார்டு தபால்ல வீட்டுக்கு வந்துடும்" என்றார்.

முதல் வாரம் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டாம் வாரம் ஆய்வாளர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் வாரம் ஃபைல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி. ரசீது கேட்டபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் விரல் மறைத்திருந்தது. அதைக் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லைன்னா வேற இடம் பாருங்க சார்" என்று என்மீதே கோபம் காட்டினார். அதன் பிறகு நீலக் குறி மட்டும் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டதாக அதே பையன் சொன்னான். அவன் நீட்டிய என் ஃபைலைத் திறந்து பார்த்தேன்: அந்தப் பென்சில் பிரிண்ட் தாள் எதிலும் ஒட்டப்படாமல் அப்படியே கிடந்தது.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். என் வண்டி எண்ணில் விண்ணப்பமே பதிவாகவில்லை. "வண்டியை ஆய்வாளர் பார்க்காம எப்படி சார் புதுப்பிப்பாங்க?" என்று அங்கிருந்த பெண் ஊழியர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அரசின் இ-சலான் தளத்தில் பார்த்தால் பழைய சலானும் கட்டப்படாமல் நிற்கிறது. இந்த ஒன்றரை மாதமும் நான் அந்தக் காரைத்தான் ஓட்டினேன் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை சிக்கினால் 10,000 வரை போகும், சிறைக்கும் இடமுண்டு. விபத்து நேர்ந்திருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு கவலை. தற்காலிகப் பதிவு முடிந்த வண்டிக்கு இழப்பீட்டை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2014லும் 2021லும் தீர்ப்பளித்திருக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், ஆனால் காலையில் எழுந்து காவல் நிலையம் போக வேண்டும். ஆகவே சுருக்கமாக: சலான் கட்டுவது வேறு, பதிவைப் புதுப்பிப்பது வேறு, இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே தொகையாகக் கொடுக்காதீர்கள். சலானை அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் நீங்களே கட்டலாம். புதுப்பிக்கப் படிவம் 25. முடிவு தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். யாரிடம் கொடுத்தாலும் அன்றைக்கே விண்ணப்ப எண்ணை வாங்கி, நிலையை உங்கள் கைப்பேசியிலேயே பாருங்கள். வண்டி வேண்டாம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இன்று இரவே உங்கள் ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.