‘படமாகச் சேமி’: ஸ்கிரைபஸின் ஒரே ஒரு கட்டளையோடு ஏழு ஆண்டுகள்

ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் முழுவதையும் இங்கே அலசப் போவதில்லை. கோப்புப் பட்டியலில், ‘ஏற்றுமதி’க்குள் ஒதுங்கிக் கிடக்கும் ‘படமாகச் சேமி’ என்ற ஒரு கட்டளையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். என் பிழைப்பில் பாதி இப்போது அதை நம்பித்தான் ஓடுகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் அச்சுக்கடை. கோயில் திருவிழா அறிக்கை, திருமண அழைப்பிதழ், கருமக்கிரியை அட்டை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நிகழ்ச்சி நிரல், இவைதாம் வேலை. சுற்றுவட்டாரத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பல, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. முன்பு ஐந்நூறு அறிக்கை அடித்த தோட்டத்துக் கோயில் இன்று நூறு அடிக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படம் போகிறது. நான் அச்சிட்ட தாளைக் கையில் வாங்குபவர்களைவிட, நான் ஏற்றுமதி செய்த படத்தைப் பார்ப்பவர்களே அதிகம்.

தொழில் கற்றது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில். 1985இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் இந்த நாட்டுத் தமிழ் அச்சுக்கூடங்களுக்கு எழுத்துக் கொடுத்த காலத்தின் தொடர்ச்சி நாங்கள். அப்போது எழுத்துரு மாறினால் அம்மன் பெயரே கிறுக்கலாகிவிடும். ஸ்கிரைபஸ் இலவசம் என்று கேள்விப்பட்டு 1.4 பதிப்பை நிறுவினேன். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறியது. மூடி வைத்துவிட்டேன். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமர்த்தும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்த பிறகுதான் யூனிகோட் தமிழ் ஒழுங்காக அமர்ந்தது. அன்று திரும்பியவன் இன்று 1.6இல் இருக்கிறேன்.

முதல் சொதப்பல் என்னுடையதுதான். படமாகச் சேமிக்கும் சாளரத்தில் தெளிவுத்திறன் 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) என்று நிற்கும். அதைத் தொடாமல் ஒரு கருமக்கிரியை அறிவிப்பை ஏற்றுமதி செய்து, ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். ஏ4 தாள் 72இல் 595க்கு 842 படப்புள்ளிதான் (பிக்சல்). அதே தாள் 300இல் 2480க்கு 3508. மறுநாள் பத்திரிகையில் பெரியவரின் பெயர் படிக்கட்டு படிக்கட்டாக வந்திருந்தது. அவர் நாற்பது ஆண்டு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மகள் கடைக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. பெரியவரின் நிழற்படம் அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. அதை எத்தனை டிபிஐயில் ஏற்றுமதி செய்தாலும் இல்லாத விவரம் முளைக்காது. ஆனால் எழுத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஸ்கிரைபஸில் எழுத்து கோடுகளாகவே இருக்கிறது, கேட்ட அளவுக்குக் கூர்மையாக வரும். கேட்காதது நான்.

பிறகு எதிர்த்திசையில் தவறினேன். எல்லாவற்றையும் 300இல் எடுத்து அனுப்பினேன். புலனத்தில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் நீண்ட பக்கத்தைச் சுமார் 1,600 படப்புள்ளிக்குக் குறுக்கி, மேலும் ஒருமுறை பிழிந்துதான் அனுப்புகிறது. 2023இல் எச்டி தேர்வு வந்தது, ஆனால் அதை ஞாபகமாக அழுத்தும் கோயில் செயலாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இப்போது கைப்பேசிக்கு 150 வைக்கிறேன். ஏ4 தாளுக்கு 1240க்கு 1754 வருகிறது. அது குறுகும்போது பெரிய சேதமில்லை.

உண்மையில் டிபிஐ பாதிப் பிரச்சினைதான். மீதியைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. 21 சென்டிமீட்டர் அகலத் தாளை 7 சென்டிமீட்டர் திரைக்குள் காட்டினால் 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து 4 புள்ளி ஆகிவிடுகிறது. பூசை நேரங்களும் உபயகாரர் பட்டியலும் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்? பாட்டிகள் இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமும் இழுத்து, கடைசியில் பேரனைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே அறிக்கைக்கென ஏ4 கோப்பு ஒன்று, கைப்பேசிக்கெனக் குறுகலான தாளில் இன்னொரு கோப்பு என்று செய்கிறேன். இரண்டாவதில் நாள், நேரம், இடம், தொடர்பு எண் ஆகியவை மட்டும். உபயகாரர் பெயர் எங்கே என்று தலைவர் கேட்பார். தாளில் இருக்கிறது ஐயா என்பேன். இதற்காகக் கூடுதலாகக் கேட்கும் பதினைந்து வெள்ளியை (ரிங்கிட்) தருவதற்கு முணுமுணுக்காத நிர்வாகம் இரண்டுதான்.

படத்தை எந்தக் கோப்பு வகையில் எடுப்பது, ஜேபெக்கா பிஎன்ஜியா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நம் அறிக்கைகளின் வண்ணமே அதற்குப் பதில்: மஞ்சள் தாளில் குங்குமச் சிவப்பு எழுத்து. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒளியைவிட நிறத்தின் விவரத்தைப் பெரும்பாலும் குறைத்தே வைக்கிறது. நிழற்படத்தில் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள்மேல் சிவப்பு எழுத்தில் தெரியும்: ‘தீமிதி’யின் சுழிகளைச் சுற்றி அழுக்குக் கசிவு போல ஒரு விளிம்பு. நான் ஒருமுறை திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன், கொசு மொய்த்தது போல் இருந்தது. பிஎன்ஜியில் இந்தத் தொல்லை இல்லை. புலனம் அதையும் ஜேபெக்காக்கிவிடும்தான், ஆனால் இரண்டு முறை கெடுவதற்கு ஒரு முறை கெடுவது மேல். படம் மட்டுமே நிறைந்த அட்டைக்கு ஜேபெக், தரம் 90. மற்றதெல்லாம் பிஎன்ஜி. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கெடவே கெடாது, ஆனால் குழுவில் பலர் ஆவணத்தைத் திறப்பதில்லை.

அடுத்து நிறம். ஸ்கிரைபஸ் ஏற்றுமதி செய்யும் படம் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆன திரை நிறம். தாளோ நான்கு மையில் (சிஎம்ஒய்கே) அச்சாவது. ஆவண அமைப்பில் வண்ண மேலாண்மையை இயக்காமல் விட்டால், மை நிறங்களைத் திரைக்கு நேரடியாகக் கணக்குப் போட்டு மாற்றிவிடும். மாவிலைப் பச்சை கைப்பேசியில் விளக்குப் போட்டது போல் எரியும். அச்சில் அது வராது, வரவும் முடியாது. ஒரு நிர்வாகத்தார் கைப்பேசியையும் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, “அண்ணே, மையை மிச்சம் பிடித்துவிட்டீர்களா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று மாலையே வண்ண மேலாண்மையை இயக்கினேன். இப்போது படம் கொஞ்சம் மங்கல், ஆனால் தாளோடு ஒத்துப் போகிறது.

கோலகங்சாரில் நண்பர் கடையில் இன்டிசைன் என்ற அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது, அவசரத்துக்குப் போய்ச் செய்வதுண்டு. ஏற்றுமதித் தேர்வுகள் அங்கே தாராளம்: ஜேபெக்கை ஆர்ஜிபியாகவோ சிஎம்ஒய்கேயாகவோ எடுக்கலாம், எதிர்ப்பக்கங்களைச் சேர்த்தே எடுக்கலாம். தமிழுக்கு ‘வேர்ல்டு-ரெடி’ பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு தவறான இடத்தில் நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அங்கே இரங்கல் அறிவிப்பு ஒன்றுக்குப் பிஎன்ஜியில் வெளிப்படைப் பின்னணி என்ற கட்டத்தையும் டிக் செய்துவிட்டேன். நண்பரின் திரையில் அழகாகத் தெரிந்தது. பெற்றவரின் கைப்பேசித் திரை இருள் பின்னணியில் இருந்தது. கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. மாலை போட்ட நிழற்படம் மட்டும் அந்தரத்தில் மிதந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து என் பழக்கம் இப்படி நிலைத்திருக்கிறது. வரைவு காட்ட ‘படமாகச் சேமி’ போதும், வேகமானது, எல்லாப் பக்கங்களையும் ஒரே அழுத்தலில் தரும். இறுதிப் படத்தை அதில் எடுப்பதில்லை. முதலில் பிடிஎஃப் எடுத்து, அதை பாப்ளர் என்ற பிடிஎஃப் நிரல் தொகுப்போடு வரும் பிடிஎஃப்டுபிபிஎம் என்ற சிறு கருவியால் பிஎன்ஜியாக மாற்றுகிறேன். அச்சுக்குப் போகும் கோப்பும் கைப்பேசிக்குப் போகும் படமும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தால், தேதியைத் திருத்திய பிறகு பழைய படம் ஊரைச் சுற்றும் ஆபத்து குறைகிறது. கூடவே நாள், நேரம், இடத்தைத் தட்டச்சு செய்து தனிச் செய்தியாகவும் அனுப்புகிறேன். படத்துக்குள் இருக்கும் தேதியைப் புலனத்தில் தேடி எடுக்க முடியாது.

பதாகைக்கு மட்டும் இந்தக் கட்டளையை நெருங்காதீர்கள். பத்தடிக்கு நாலடி என்பது 300 டிபிஐயில் 36,000க்கு 14,400 படப்புள்ளி, அதாவது ஐம்பத்தொரு கோடிக்கு மேல். ஒருமுறை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். கணினி உறைந்து கிடந்தது, படம் பிறக்கவில்லை. தூரத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கு 100 டிபிஐ தாராளம். அதைவிட பிடிஎஃப் நல்லது, எழுத்து கோடாகவே போகும், மை நிறங்களும் மாறாது. ஈப்போவில் பதாகை அச்சிடும் தம்பி ஜேபெக்தான் கேட்பார். நான் பிடிஎஃப் அனுப்புவேன். “நன்றாக இருக்கிறது அண்ணே, இதையே ஜேபெக்கில் தர முடியுமா?” என்பார். போன ஆடித் திருவிழாவுக்கும் கேட்டார்.