பெரம்பூரில் பின்சக்கரம் கோர்க்க ஒரு கடை

என் எடை 92 கிலோ. பெரம்பூரிலிருந்து புரசைவாக்கத்தில் இருக்கும் அச்சகத்துக்குத் தினமும் சைக்கிள்தான். மூன்றே மாதத்தில் பின்சக்கரத்தில் 4 ஸ்போக்ஸ் கம்பி ஒடிந்தது. எல்லாம் பிரீவீல் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கம், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் நுழையும் வளைவிலேயே. வண்டி வாங்கிய ஷோரூமில் ஒடிந்ததை மட்டும் மாற்றிவிட்டு, "உங்க வெயிட்டுக்கு இப்படித்தான் சார்" என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் என்னத்தைச் சொல்ல?

அப்புறம்தான் பூவரச மரத்தடியில் இந்தக் கடையைப் பிடித்தேன். பெயர்ப் பலகை கிடையாது, தொங்கும் பழைய டயர்தான் அடையாளம். பெரியவர் இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்து அமுக்கிப் பார்த்தார். "வெயிட்டு இல்ல தம்பி, கம்பி லூசு. சுத்துக்குச் சுத்து ஆடி ஆடி வளைவுல ஒடியுது."

சரி, 36 கம்பியையும் மாற்றிவிடுங்கள் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஹப்பின் ஒரு பக்கம் 18 ஓட்டை. அதில் ஒன்று விட்டு ஒன்றாக 9 கம்பி இறங்கியது. ரிம்மில் நாலு ஓட்டைக்கு ஒன்றாக மாட்டினார். மறுபக்கமும் 9. பிறகு ஹப்பைப் பிடித்து ஒரு திருகு, அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தன. மீதி 18 எதிர்ப்பக்கம் சாயும். ஒவ்வொன்றும் மூன்று கம்பியைக் கடக்க வேண்டும்: இரண்டுக்கு வெளியே, மூன்றாவதுக்கு உள்ளே. பூக்காரம்மா கதம்பம் தொடுப்பது போல, கை பாட்டுக்குப் போகிறது, வாய் மருமகனைத் திட்டுகிறது.

கோட்டம் எடுப்பதற்குச் சாக்பீஸ்தான். சுற்றும் ரிம்மில் கோடு விழுந்த இடத்தில் அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கினார். கடைசியில் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் கேட்டார். பிரீவீல் பக்கம் கம்பி செங்குத்தாக நிற்பதால் முறுக்கு அதிகம், சத்தமும் உச்சத்தில் வருகிறது.

கம்பி, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிள், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, இளகியதை இறுக்கித் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஏழு மாதமாக ஒரு கம்பிகூடப் போகவில்லை.

பில் கிடையாது, போனை எடுக்கவே மாட்டார். காலையிலேயே போய்விடுங்கள். மதியம் தூங்குகிறவரை எழுப்பினால் மருமகன் மேலுள்ள கோபமெல்லாம் நம் மேல் திரும்பும்.