பவேரியாவின் இரண்டு பழமைவாதக் கட்சிகள்: யார் பக்கம் எது பலம்?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 1957 முதல் முதல்வர் பதவியை விடாமல் வைத்திருக்கும் கட்சி கிறிஸ்தவ சமூக ஒன்றியம், சுருக்கமாக சிஎஸ்யூ. அந்த மாநிலத்துக்கு வெளியே அது போட்டியிடுவதே இல்லை. அதே வாக்காளர்களைக் குறிவைப்பவர்கள், ஊராட்சி அரசியலில் வளர்ந்து 2008-ல் சட்டமன்றத்துக்குள் வந்த ‘சுதந்திர வாக்காளர்கள்’. 2018 முதல் இருவரும் கூட்டணி ஆட்சி நடத்துகிறார்கள். 2023 தேர்தலில் சிஎஸ்யூவுக்கு 37 சதவீதம், இவர்களுக்கு 15.8.

கூட்டாளிகளுக்குள் என்ன பெரிய வித்தியாசம்? சாலைக் கட்டணத்தைப் பாருங்கள். வீட்டு முன் சாலையை ஊராட்சி புதுப்பித்தால், செலவில் ஒரு பங்கை அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர்கள் தலையில் கட்டும் வழக்கம் அங்கே இருந்தது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பாட்டிக்கும் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு பில் வரும். சுதந்திர வாக்காளர்கள் 2018 தொடக்கத்தில் இதற்கு எதிராகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். தேர்தல் வருடம். சிஎஸ்யூ இறங்கி வந்தது, அந்த வருடமே கட்டணம் ஒழிந்தது.

கல்லூரிக் கட்டணத்திலும் இதே கதைதான். சிஎஸ்யூ ஆட்சி 2007-ல் கொண்டு வந்த கட்டணத்துக்கு எதிராக 2013 ஜனவரியில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கியதும் சுதந்திர வாக்காளர்களே. சாதாரணக் குடும்பத்தின் கைக்காசு விஷயத்தில் இவர்களுக்குத்தான் காது கூர்மை என்பேன்.

குழந்தை வளர்ப்பில் இருவரும் இரண்டு வழி. சிஎஸ்யூ 2018-ல் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோர் கையில் மாதம் 250 யூரோ கொடுத்தது. சுதந்திர வாக்காளர்கள் மழலையர் காப்பகமே இலவசமாக வேண்டும் என்றார்கள். பேசிப் பேசிக் கடைசியில் மாதம் 100 யூரோ கட்டணச் சலுகையில் வந்து நின்றது.

காற்றாலை விஷயத்தில் சிஎஸ்யூ செய்தது பெரும் தவறு. 2014-ல் போட்ட விதிப்படி, காற்றாலையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குள் வீடுகள் இருக்கக் கூடாது. 200 மீட்டர் காற்றாலைக்கு 2 கிலோமீட்டர்! வீடுகள் சிதறிக் கிடக்கும் பவேரியாவில் அப்படி இடம் கிடைப்பதே அரிது. புதிய காற்றாலைகள் ஏறக்குறைய நின்றேபோயின. 2022-ல்தான் விதியைத் தளர்த்தினார்கள்.

அரசு அலுவலக வாசல்களில் சிலுவை மாட்டச் சொன்ன 2018 ஆணையும் சிஎஸ்யூ முதல்வர் மார்க்குஸ் ஸோடருடையது. மியூனிக் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸே அதைக் கண்டித்தார். எனக்கும் அதில் உடன்பாடில்லை.

சரி, பெர்லினுக்குப் போனால்? அங்கே நிலைமை தலைகீழ். கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் சுதந்திர வாக்காளர்களுக்கு ஓர் இடமும் இல்லை. சிஎஸ்யூவோ, மற்ற மாநிலங்களில் போட்டியிடும் அதன் சகோதரக் கட்சியான சிடியூவோடு ஒரே குழுவாக உட்கார்ந்து பேரம் பேசுகிறது. 1992-க்கு முன் பிள்ளை பெற்ற தாய்மார்களின் ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லி விடாமல் நின்றது அதுதான். 2014-ல் அது நடந்தது, குழந்தைக்கு மாதம் சுமார் 28 யூரோ வீதம். சாலை பில்லுக்குப் பயந்த அதே பாட்டிக்கு இந்தப் பணத்தை வாங்கித் தர சுதந்திர வாக்காளர்களால் முடிந்திருக்காது.