600 ரூபா ஓபிடி டாங்கிள்: பிக்கப்ல போட்டு 8 மாசம் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

ஓபிடி டாங்கிள்னா வண்டியில சொருகினா இஞ்சின் சூடு மாதிரி விவரத்த படிச்சு போனுக்கு அனுப்பற சின்ன கருவி. என்னோடது புளூடூத்ல வேலை செய்யற இஎல்எம்327 மாடல், ஆன்லைன்ல 600 ரூபாய்க்கு வாங்கினேன், அது அனுப்பற நம்பர பாக்க போன்ல டார்க் (Torque)ங்கற ஆப் போட்டிருக்கேன், வண்டி இசுசு டி-மேக்ஸ். இத வாங்கவே காரணம் ஒரு ஒர்க்‌ஷாப்தாங்க. லோடோட திம்பம் மலைப்பாதை ஏறும்போது முன்னாடி ஃபேன் லாரி மாதிரி ஹோன்னு சத்தம் போடுது, கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுது, என்னன்னு பாருங்கன்னு வண்டிய விட்டேன். பானெட்ட தூக்கி அஞ்சு நிமிசம் பாத்துட்டு ஃபேன் கிளட்ச் போச்சு, ரேடியேட்டரும் அடைச்சிருக்கும், ரெண்டையும் மாத்தணும் 22,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. சூடு எவ்ளோ ஏறுதுன்னு யாரும் அளந்து பாக்கல, அதுதான் எனக்கு மனசே ஒப்பல.

டாங்கிள் வந்த அடுத்த நாளே ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கற சாக்கெட்ல சொருகிட்டு சத்தியமங்கலத்துல இருந்து ஒரு டன் உர மூட்டையோட கிளம்பினேன். காலைல ஸ்டார்ட் பண்ணப்ப போன்ல இஞ்சின் தண்ணியோட சூடு 27 டிகிரி, ஃபேன் ஒரு நிமிசம் சத்தமா சுத்திட்டு அடங்குச்சு. பண்ணாரி வரைக்கும் 84-ல இருந்து 88-க்குள்ளயே நின்னுச்சு. செக்போஸ்ட் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் 91, 93, அப்புறம் முன்னாடி ஒரு லாரி உருட்டிட்டே போக செகண்ட் கியர்லயே 97. பதினாலாவது வளைவுகிட்ட 100 வந்துச்சு, சொன்னா நம்பமாட்டீங்க, அதே நேரம் ஃபேன் ஹோன்னு பிடிச்சுது. நான் போனையே பாக்காம (பக்கத்துல மச்சான் உக்காந்து நம்பர் படிச்சுட்டு வந்தான்) ஓட்டிட்டே இருக்கேன், 98, 96, 94-ன்னு இறங்குது, 93 வந்ததும் சத்தம் போயிருச்சு. 27 வளைவு முடியறதுக்குள்ள இப்படி நாலு தடவ. ஹீட் மீட்டர் மட்டும் கீழ கிளம்பினப்ப பாதியில நின்னது மேல ஏறி முடிக்கற வரைக்கும் பாதியிலயே நின்னுச்சு, துளி அசையல.

அதாவது ஃபேன் கெட்டுப்போகல, கரெக்டா வேலை செய்யுது! இந்த மாதிரி வண்டிகள்ல இருக்கறது விஸ்கஸ் ஃபேன். நடுவுல கிளட்ச்சுக்குள்ள சிலிக்கான் ஆயில் இருக்கும், முன்பக்கம் சுருள் மாதிரி ஒரு பட்டை இருக்கும். ரேடியேட்டர் வழியா வர்ற காத்து நல்லா சூடானா அந்தப் பட்டை வளைஞ்சு உள்ள வழி திறந்துவிடும், ஆயில் போய் ஃபேன இஞ்சினோட சேத்து இறுக்கிப் பிடிக்கும், அந்த இரைச்சல்தான் நமக்கு கேக்குது. காத்து ஆறினா வழி மூடி ஃபேன் லூசாயிடும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் கீழ இறங்கிக் கிடக்கும், அதனாலதான் காலைல முதல் ஒரு நிமிச சத்தம். உண்மையில பயப்பட வேண்டியது ஏத்தத்துல 105 தாண்டியும் ஃபேன் சத்தமே வராம இருந்தாத்தான்.

100 டிகிரின்னா தண்ணி கொதிச்சிடுமேன்னு மச்சானும் பயந்தான். ரேடியேட்டர் மூடி பிரஷர தாங்கி நிக்கறதாலயும் தண்ணியில பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருக்கறதாலயும் 120 தாண்டித்தான் கொதிக்கும். ஆனா போர் தண்ணிய மட்டும் ஊத்தி ஓட்டறவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, உள்ள உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் நெசமாவே அடைச்சிரும். சூட்டோட மூடிய திறக்காதீங்க, கை வெந்து போகும்.

எலக்ட்ரிக் ஃபேன் இருக்கற சின்ன வண்டிக்காரங்களுக்கு இந்த சத்தக் கணக்கு பொருந்தாது. அதுல ஏசி போட்டாலே ஃபேன் ஓடும், சில வண்டியில சாவிய எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சுத்தும், அதுவும் நார்மல்தான்.

டாங்கிள்ல குறையும் இருக்கு. 600 ரூபாய்க்கு வர்றது டூப்ளிகேட் சிப்தான், சூடு, ஆர்பிஎம் (இஞ்சின் சுத்தற வேகம்) படிக்கறதுக்கு போதும், பெரிய வேலைக்கு நம்பாதீங்க. ஐபோன்ல இந்த புளூடூத் மாடல் ஓடாது, வைஃபை மாடல் பாத்து வாங்கணும். சாவி ஆஃப்ல இருந்தாலும் அந்த சாக்கெட்ல பேட்டரி கரன்ட் வந்துட்டே இருக்கும், ரெண்டு மூணு நாள் வண்டி நிக்கும்னா கழட்டி வெச்சிருங்க. நம்பர் திடீர்னு -40ன்னு காட்டினா இஞ்சின் உறைஞ்சு போகல, வண்டியில இருந்து வெறும் பூஜ்யம் வந்திருக்கு, 40 கழிச்சுக் காட்டறது இதோட கணக்கு. கழட்டி மாட்டுங்க, அப்பவும் அப்படியே இருந்தா சென்சார் வயர பாருங்க.

எனக்கு 22,000 மிச்சமாச்சு. அதவிட சந்தோசம் சித்தப்பா பையன் வண்டிதான். ரெண்டு வருசம் முன்னாடி எங்கயோ ஒரு மெக்கானிக் ஹீட் ஆகக்கூடாதுன்னு தெர்மோஸ்டாட்டயே (இஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற வால்வு) கழட்டி வெளிய போட்டிருக்காரு, அவன் வண்டியில நான் இத மாட்டிப் பாத்தா கோயமுத்தூர் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டியும் 66 தாண்டல, எப்பவும் அரைச்சூட்டுலயே ஓடி டீசல் குடிச்சிட்டு இருந்திருக்கு. புதுசு வாங்கி மாட்டினோம், இப்ப அதே ரோட்டுல 85-ல நிக்குது, போன வாரம் அவனும் ஒரு டாங்கிள் ஆர்டர் போட்டுட்டான்.