வாரிய அடுக்குமாடியா, கனவு இல்லமா?

வேலூர்ப் பக்கம் வாடகையில் இருந்துகொண்டு, ஊரில் ஒரு குடிசையும் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது: அரசு வாரியம் கட்டித் தரும் அடுக்குமாடி வீடா, குடிசை இருக்கும் சொந்த மனையில் வீடு கட்ட அரசு பணம் தரும் கனவு இல்லம் திட்டமா?

இடம்: 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீட்டுக்கு உங்கள் மனை தேவையில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டம் ஊராட்சிப் பகுதிக்கு மட்டும். குடிசை இருக்க வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால் முதலில் தாலுகா ஆபீஸ் படி ஏறுங்கள்.

செலவு: அடுக்குமாடியில் பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டும், பிறகு மாதாமாதம் பராமரிப்பு. கனவு இல்லத்துக்கு அரசு தருவது 3.5 லட்சம், கட்டக் கட்டத் தவணையாக. அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. இன்றைய சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலிக்கு அந்தப் பணம் இழுத்துப் பிடித்தாலும் போதாது. கைக்காசு போடாமல் முடித்தவரை நான் பார்த்ததில்லை.

வசதி: மாடியில் லிஃப்ட் நின்றால் முதியவர்கள் பாடு திண்டாட்டம். சொந்த மனையில் ஆடு கட்டலாம், நாளை ஒரு அறை கூட்டலாம். வேலூர் வெயிலுக்கு வாசலில் ஒரு வேப்பமரமாவது நிற்கும்.

சத்துவாச்சாரியில் வீட்டுவேலை, மார்க்கெட்டில் மூட்டை என்று பிழைப்பு நகரத்தில் இருந்தால் அடுக்குமாடி. அணைக்கட்டு, கணியம்பாடி பக்கம் பட்டா மனை இருந்தால் கனவு இல்லம்தான். கிராமசபையில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.