எஸ்.ஏ.எஸ். ஜீப் மாடல் கிட் (1/35): ஒரு போடி மெக்கானிக்கின் விமர்சனம்

வாங்கலாம். ஆனால் பெட்டியில் வரும் செய்முறைத் தாளை மட்டும் பார்த்து ஒட்டினால் பாதி சுவாரஸ்யம் போய்விடும்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். (ஸ்பெஷல் ஏர் சர்வீஸ்) என்ற சிறப்புப் படை 1942-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பை 35-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் இது, பாகங்களை நாமே ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்தால் ஒன்பதரை சென்டிமீட்டர் நீளம் வரும். ஏலத்தோட்ட ஜீப்புகளை ரிப்பேர் செய்து பிழைப்பவன் என்பதால் என் கண் முதலில் போனது முன்பக்க கிரில்லுக்குத்தான். ரேடியேட்டருக்குக் காற்று தாராளமாகப் போகட்டும் என்று கம்பிகளில் பெரும்பகுதியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு டப்பா. ரேடியேட்டர் கொதித்து வெளியேறும் ஆவியைப் பிடித்து மறுபடி தண்ணீராக்கும் கன்டென்சர் அது. குடிக்கவே தண்ணீரை அளந்து கொடுக்கும் இடத்தில் எஞ்சினுக்கு எங்கே போவது? முன்கண்ணாடி கிடையாது. காலி இடமெல்லாம் ஜெர்ரி கேன், அதாவது பெட்ரோலும் தண்ணீரும் கொண்டுபோகும் தகர கேன்.

துப்பாக்கிகள் விக்கர்ஸ் கே ரகம். விமானத்துக்காகச் செய்தவை, நிமிடத்துக்குச் சுமார் 1000 குண்டுகள் கக்கும். அவை ஜீப்பில் எப்படி ஏறின என்பதுதான் கதை, தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 1941-ல் டேவிட் ஸ்டிர்லிங் என்ற இளம் அதிகாரி, பெரும்படை வேண்டாம், நாலைந்து பேர் கொண்ட குழுக்களே எதிரியின் விமானத் தளங்களை அழித்துவிடும் என்று திட்டம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.ஏ.எஸ். பெயரில் மட்டும் 'பிரிகேட்' (ஆயிரக்கணக்கானோர் கொண்ட படைப்பிரிவு), ஆள் அறுபதைச் சுற்றித்தான். எதிரியைக் குழப்ப வைத்த பெயர். நவம்பரில் முதல் தாக்குதலுக்குப் புயலில் பாராசூட்டில் குதித்தார்கள். பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. அப்புறம் பாலைவன ரோந்துப் படையின் லாரிகளில் போய், ராத்திரியில் நடந்தே தளத்துக்குள் புகுந்து விமானங்களில் வெடி வைத்தார்கள். காவல் இறுகியதும் இந்தத் துப்பாக்கிகளை ஏற்றிய ஜீப் வந்தது. 1942 ஜூலையில் எகிப்தின் சிதி ஹனெய்ஷ் விமானத் தளத்தில் 18 ஜீப்புகள் வரிசை கட்டி, சுட்டுக்கொண்டே ஓடுபாதையில் ஓடின. 30-க்கும் மேற்பட்ட விமானங்கள் காலி.

சரி, குறைகள். துப்பாக்கித் தண்டு ரொம்ப மெல்லிசு, பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் பிரேமிலிருந்து வெட்டும்போதே ஒன்று முறிந்தது. ஸ்டிக்கர்கள் மஞ்சளித்திருந்தன. அனுப்பிய கடைக்காரர் பெட்டியைச் சரியாகக் கட்டவும் இல்லை. 1500 ரூபாய்க்கு மேல் கொடுத்தவனுக்கு எரிச்சல் வராதா?

புதிதாக ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஜெர்ரி கேன்களைக் கடைசியில் ஒட்டுங்கள். முதலிலேயே ஒட்டிவிட்டால் பின்சீட்டுத் துப்பாக்கியைப் பொருத்த விரல் நுழையாது.