சிகாகோவின் கோல்ட் கோஸ்ட்டில் ஒரு செக்வே உலா

சிகாகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்ற கோடையில் போயிருந்தபோது, மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய கோல்ட் கோஸ்ட் என்னும் செல்வந்தர் குடியிருப்பை, நின்றபடி ஓட்டும் மின்சார வண்டியான செக்வேயில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தேன். உலா இரண்டு மணி நேரம். வழிகாட்டியைத் தவிர நாங்கள் ஆறு பேர். அறுபது வயதைக் கடந்த எனக்கு இது ஒத்துவருமா என்று தயங்கியபடிதான் போனேன். இப்போது யாரும் கேட்டால் தயங்காமல் போகச் சொல்வேன், ஆனால் ஓரிரு விஷயங்களில் எச்சரித்தும் அனுப்புவேன்.

வண்டிக்கு இருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரங்கள் மட்டுமே. உடலை முன்னால் சாய்த்தால் ஓடும், நிமிர்ந்தால் நிற்கும், கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். நாம் விழாதபடி, சாய்வை உணரும் ஜைரோஸ்கோப்புகள் உள்ளிருந்து பார்த்துக்கொள்கின்றன. இதன் முழு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலும், கைப்பிடியில் மாட்டியிருக்கும் சிறு கருவியில் ஆமைப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டால் கற்றுக்கொள்பவருக்கான மெதுவான வேகத்துக்கு மேல் வண்டி போகாது. எங்கள் வழிகாட்டி முதல் அரை மணி நேரம் எல்லா வண்டிகளையும் ஆமை வேகத்திலேயே ஓட்டவைத்தார், அது சரியான முடிவு. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001-இல் அறிமுகப்படுத்திய இந்த வண்டியின் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. ஆகையால் உலா நிறுவனங்களிடம் இருப்பவை எல்லாம் ஓடித் தேய்ந்த வண்டிகளே. ஏறும் முன் காலடி ரப்பர் விரிப்பு வழுக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் இடது காலுக்குக் கீழே அது வழவழப்பாகியிருந்தது.

இந்தப் பகுதியைப் பார்க்கச் செக்வே ஏன் பொருத்தம் என்பது ஆஸ்டர் தெருவுக்குள் நுழைந்ததும்தான் விளங்கியது. நிற்கும் தட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஒரு சாண் உயரத்தில், நடந்து போனால் கண்ணை மறைக்கும் வேலிச்செடிகளுக்கு மேலாக வீட்டின் படிகளும் கதவின் மரவேலைப்பாடும் நன்றாகத் தெரிந்தன. 1892-இல் கட்டி முடித்த சார்ன்லி இல்லத்தின் முன் சற்று அதிக நேரம் நின்றோம். கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவனின் அலுவலகத்தில் இளைஞராக வேலை பார்த்து, பின்னாளில் பெரும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட்டின் கைவண்ணம் கொண்ட வீடு அது. சுற்றியுள்ள மாளிகைகள் கோபுரமும் வளைவுமாக அலங்கரித்துக்கொண்டு நிற்க, இது மட்டும் வெறும் செங்கல்லையும் கல்லையும் நம்பி அமைதியாக நிற்கிறது. கத்தோலிக்கப் பேராயருக்காக 1885-இல் கட்டப்பட்ட சிவப்புச் செங்கல் மாளிகையின் புகைபோக்கிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. மொத்தம் 19.

இந்தப் பகுதிக்குப் பணக்காரர்களை இழுத்து வந்தவர் வணிகர் பாட்டர் பாமர். சதுப்பாகக் கிடந்த ஏரிக்கரையில் 1880-களில் அவர் எழுப்பிய கோட்டை போன்ற மாளிகை 1950-இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் கதவுகளுக்கு வெளிப்பக்கத்தில் கைப்பிடியே கிடையாது, உள்ளிருப்பவர் திறந்தால்தான் உண்டு என்று சொல்வார்கள்.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏறுவதை அவ்வளவு பொறுமையாகக் கற்றுத்தந்தவர்கள், இறங்குவதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். முதல் நிறுத்தத்தில் எங்களுடன் வந்த பெண்மணி ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கைப்பிடியைப் பிடித்து இழுக்க, வண்டி சட்டென்று பின்னால் உருண்டு அவர் கணுக்காலைச் சிராய்த்தது. கைப்பிடியை அசைக்காமல், பின்பக்கமாக ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரையும் இரண்டு முறை செய்யவைத்த பிறகே தெருவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வழிகாட்டியின் பேச்சைக் கேட்க மாட்டியிருந்த காதொலிக் கருவி ஏரிக்காற்றில் கரகரத்ததால், கரையோரமாக ஓட்டியபோது அவர் சொன்னவற்றில் பாதி என் காதில் விழவில்லை.

இன்னொரு மனக்குறை தமிழர்களுக்கே உரியது. அளசிங்கப் பெருமாளும் அவர் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிவைத்த விவேகானந்தர், 1893 செப்டம்பரில் சர்வசமய மாநாட்டு அலுவலகத்தின் முகவரியைத் தொலைத்துவிட்டு, இந்த மாளிகைத் தெருக்களில்தான் பசியோடு நடந்தார் என்றும், பல வீடுகளில் அவரை விரட்டினார்கள் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். களைத்துப்போய் அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிர்வீட்டிலிருந்து வந்து, உள்ளே அழைத்து உணவளித்தவர் திருமதி ஹேல். அவர் வீடு இருந்த டியர்பார்ன் வீதி, ஆஸ்டர் தெருவுக்கு மேற்கே இரண்டாவது தெரு. உலாவின் பாதையில் அது இல்லை. நான் கேட்டதும் வழிகாட்டி முகம் சுளிக்காமல் எங்களை அங்கே திருப்பிக் கூட்டிப்போனார். அங்கே நின்று நான் கதையைச் சொல்ல, மற்ற ஐவரும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். நீங்களும் புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

45 கிலோவுக்குக் குறைவாகவோ 118 கிலோவுக்கு மேலாகவோ எடையுள்ளவர்களுக்கு இந்த வண்டி ஏற்றதல்ல. சேலையோ வேட்டியோ உடுத்திப் போக வேண்டாம், சக்கரம் காலுக்கு மிக அருகில் சுழல்கிறது.